தடுப்புக்குள் போஜெனா

2015 மே. பிரிட்டன் பொதுத் தேர்தல் முடிவு வந்த வெள்ளிக்கிழமை மாலை. ஸ்காட்லாந்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு. நேற்று இதே அறைதான் வாக்குச்சாவடி. மறைவாக நின்று வாக்களிக்க வைத்த பலகைத் தடுப்புகளை இன்னும் எடுக்கவில்லை. வாக்குச்சீட்டில் குறியிட நூலில் கட்டித் தொங்கும் பென்சில்கள் மரத்தைத் தட்டும் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்னவோ. மழை வெளிச்சத்தில் எல்லார் முகமும் சாம்பலாகத் தெரிகிறது. "ஐரோப்பாவை விட்டுப் போலாமான்னு வாக்கெடுப்பு வருதாம். இங்கிலாந்துக்காரங்க போனா, லண்டனை விட்டுப் பிரிய நாம இன்னொரு வாக்கெடுப்பு கேப்போம். பென்சிலுக்கு ஓய்வே இல்ல," என்று சிரிக்கிறார் பள்ளிக் காவலாளி இன்னஸ். போலந்திலிருந்து வந்து இங்கே ரொட்டிக்கடை நடத்தும் போஜெனா சிரிக்கவில்லை. "போன வருஷம் ஸ்காட்லாந்து பிரியலாமான்னு என்னையும் கேட்டீங்க. நேத்து, குடியுரிமை இல்லன்னு கேக்கல. நான் இங்க இருக்கலாமான்னு முடிவு பண்றப்போ கேப்பீங்களா?" "அட போம்மா, உன் ரொட்டி இல்லாம இந்த ஊர் பொழைக்குமா?" "அது பதில் இல்ல, இன்னஸ்." அவள் எழுந்து ஒரு தடுப்புக்குள் போய் நிற்கிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. பென்சிலின் நூல் இழுபட்டு விறைக்கிறது. வாக்களிப்பவரைப் பார்க்கக் கூடாது என்ற பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.