நடுவில் மாட்டிய சோடா

கண்ணாடி டம்ளரின் அடியில் நன்னாரி சர்பத் சிவப்பாகப் படுத்திருந்தது. மேலே சங்குப்பூத் தண்ணீர் நீலமாக மிதந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட சோடாவுக்கு நிறமே கிடையாது. அதனிடம் இருந்த சொத்தெல்லாம் கொஞ்சம் குமிழ்கள்தான். அவையும் ஒவ்வொன்றாக மேலேறிப் போய்க்கொண்டிருந்தன.

ஸ்பூன் எட்டிப் பார்த்து, "கலக்கட்டுமா?" என்று கேட்டது.

"கிட்ட வராதே, என் அழகு கெட்டுடும்!" என்றது நன்னாரி.

"என்னை இன்னும் படமே எடுக்கலை," என்றது சங்குப்பூ.

"அண்ணே, அக்கா, சீக்கிரம் கலந்துடலாமே. எனக்கு மூச்சு போய்க்கிட்டே இருக்கு," என்று சோடா கெஞ்சியது.

"அவசரக்குடுக்கை! கொஞ்சம் பொறுத்தா என்ன குறைஞ்சிடுவே?" என்றது நன்னாரி.

வீட்டுக்காரி கோமளவல்லி டம்ளரை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தாள். வெளிச்சம் போதவில்லை என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். அங்கே பின்னால் துணி காய்வது தெரிகிறது என்று மறுபடியும் கீழே கொண்டுவந்தாள். சோடா தன் குமிழ்களை இறுக்கிப் பிடித்துப் பார்த்தது. பிடிக்கப் பிடிக்க அவை நழுவிப் போயின.

ஒருவழியாக ஸ்பூன் உள்ளே இறங்கியது. சிவப்பும் நீலமும் கலந்து கத்தரிப்பூ நிறம் வந்தது. விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் ஒரு வாய் குடித்தாள்.

"கலர் அள்ளுது அண்ணி! சோடாதான் சரியில்லை."

"நாங்க அப்பவே நினைச்சோம்," என்றன நன்னாரியும் சங்குப்பூவும்.

பதில் சொல்லச் சோடா வாயைத் திறந்தது. ஒரு குமிழ்கூட வரவில்லை.