லீவு வரட்டும்

டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிக்குள் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்குக்கு மூச்சு முட்டியது. உள்ளே அவ்வளவு விளையாட்டுகள். முகிலரசன் கால்பந்தைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அழிக்கவும் மனசு வராது. "லீவு வரட்டும், எல்லாத்தையும் விளையாடிடலாம்" என்பான்.

கடைசியில் நாலு மடங்கு பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தான். பழையது தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அதற்குக் காப்பி செய்து கொடுத்தது.

"இத்தனையும் விளையாடுவாராண்ணே?" என்றது புதுசு.

"கேள்வி கேக்காம வாங்கி வச்சுக்க தம்பி."

பழையதைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் புதுசைப் பொருத்தினான் முகிலரசன். மேலும் பத்து விளையாட்டுகளை இறக்கினான். பிறகு கன்ட்ரோலரோடு சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"எதைத் திறக்கப்போறாருண்ணே?" புதுசுக்குப் படபடப்பு தாங்கவில்லை.

பழையதுக்குக்கூட ஒரு நப்பாசை எட்டிப்பார்த்தது. அதற்குள் டிவியில் அதே கால்பந்து விளையாட்டின் நடுவர் விசில் ஊதிவிட்டார்.