அய்யாதுரை அண்ணாச்சியின் காது

அய்யாதுரை அண்ணாச்சி சொல்லும் இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பொய் சொல்கிறவர் தடவைக்குத் தடவை கொஞ்சமாவது மாற்றுவார். அண்ணாச்சி ஒரு வார்த்தை மாற்றியதில்லை.

சிவகாசியில் அவருக்குப் பட்டாசுக் கம்பெனி. எனக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ். சீசனுக்கு லேபிள் பார்க்க வந்து உட்கார்ந்தால், பேச்சு மகள் ஆர்த்தியிடம்தான் போய் நிற்கும். ஆர்த்தி டிரம்ஸ் வாசிக்கிறவள். சென்னையில் ஒரு பெரிய இசைக்குழுவில் இருக்கிறாள்.

"கேட்டுக்கோங்க நல்லசிவம். குழுவுல சேரணும்னா சொந்த டிரம்ஸ் செட்டு வேணும்னுட்டாக. மதுரைக் கடைக்குப் போனோம். ரெண்டு செட்டு, ரெண்டுமே பெரிய கச்சேரிக்காரங்க வாசிக்கிறது. ஒண்ணு பிர்ச் மரம், இன்னொண்ணு மேப்பிள் மரம். அவ மாஸ்டர் ஹரிஷ்குமார், பிர்ச்சுதான்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

"ஆர்த்தி என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்லுவா? மாஸ்டர் சொல்லலைன்னா டீயில சீனி கூடப் போட மாட்டா. 'மாஸ்டர் சொன்னா சரிதாம்ப்பா'ன்னா. நான் விடலையே. ரெண்டையும் வாசிச்சுக் காட்டுன்னு சொல்லிட்டு, முதுகைத் திருப்பி நின்னுக்கிட்டேன்."

அது அவருடைய கம்பெனிப் பழக்கம். புது வெடியைச் சோதிக்கும்போது திரும்பி நின்றுதான் கேட்பார். வெளிச்சம் கண்ணில் பட்டால் காது ஏமாந்துவிடுமாம்.

"பிர்ச்சு வெறும் ஓலைவெடி. பட்டுனு வெடிச்சு அங்கனயே செத்துப்போச்சு. மேப்பிள் இருக்கே, அணுகுண்டு! வெடிச்ச பெறகும் நெஞ்சுக்குள்ள நிக்குது. திரும்பாமலே ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டுனேன், ரெண்டாவது செட்டைக் கட்டுங்கன்னு. மாஸ்டர் மூஞ்சி சுண்டிப்போச்சு. 'வெடி கேட்ட காதை வச்சா டிரம்ஸ் வாங்குவீக?'ன்னான். 'எம்புட்டு வெடி கேட்ட காது தெரியுமாய்யா'ன்னேன். இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான். ஆர்த்திகிட்ட நல்லாத்தான் பேசுறான்."

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

அவர் போனதும் மெஷின் ஓட்டுகிற சங்கிலிமுத்து முணுமுணுப்பான். "வாசிக்கிறது மக, சொல்லிக் குடுக்கிறது மாஸ்டரு. இடையில இவுக காதுக்கு என்ன வேலை? எல்லாம் முதலாளித் திமிரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் என் சந்தேகம் வேறு.

ஆஃப்செட் மெஷின் ஓடும்போது நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அப்படியும் பாதி காதில் விழாது. அண்ணாச்சி மட்டும் ஒரு தடவைகூட "என்ன?" என்று கேட்டதில்லை. என் வாயையே பார்த்தபடி சரியாகப் பதில் சொல்வார். மெஷின் நின்ற பிறகு, வாசலில் செருப்பு மாட்டுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சொன்னால், "சைலண்ட்ல கெடக்குன்னுல்ல நெனைச்சேன்" என்பார்.

இந்த மனுஷரா திரும்பி நின்று, மரத்துக்கு மரம் சத்தத்தைப் பிரித்தவர்?

இந்த வருஷம் அந்த மதுரைக் கடையின் காலண்டர் ஆர்டர் எனக்கு வந்தது. லோடு இறக்கப் போன இடத்தில் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"அய்யாதுரை அண்ணாச்சியா? மறக்க முடியுமா சார்!" என்றார் கடைக்காரர். "இந்தா, இதே இடத்துலதான் நின்னாரு. கடைசி வரைக்கும் திரும்பவே இல்லை. காதுன்னா அது காது."

நானும் அதே இடத்தில், டிரம்ஸுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன்.

எதிரே கிடார்கள் தொங்கும் பெரிய கண்ணாடி அலமாரி. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் டிரம்ஸை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதுகூட அந்தக் கண்ணாடியில் தெரிந்தது.

காலண்டரை எண்ணி வாங்கச் சொல்லவும் மறந்து வெளியே வந்தேன்.

முந்தாநாள் விருதுநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. ஆர்த்தியின் குழுதான் கச்சேரி. மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையில் என் பக்கத்தில் அண்ணாச்சி, மகளின் கைக்குச்சிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குச்சி இறங்கும்போதெல்லாம் அவர் தலை சரியாக ஆடியது.

இடைவேளையில் ஆர்த்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"அணுகுண்டு! செட்டை எடுத்துக் குடுத்தது யாரு?"

"உங்க காதுதாம்ப்பா." என் பக்கம் திரும்பினாள். "நெசமாத்தான் மாமா. எனக்கும் மனசுக்குள்ள மேப்பிள்தான். மாஸ்டர் முன்னால வாயைத் தெறக்க முடியலை. நான் ஒரு வார்த்தை சொல்லலை, அப்பா காதுக்கும் அதே செட்டுதான் பிடிச்சிருக்கு பாருங்க! இப்ப மேடையில வாசிக்கும்போதும், கூட்டத்துல யாருக்குக் கேக்குதோ இல்லையோ, அப்பாவுக்குக் கேக்கும்னுதான் வாசிக்கிறேன்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்ததும், கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இத்தனை வருஷம் மனசில் கிடந்தது விடவில்லை.

யாரோ படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட, ஆர்த்தி அந்தப் பக்கம் திரும்பினாள். நான் நாற்காலியை இழுத்து அண்ணாச்சிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவர் என் வாயைப் பார்த்தார்.

குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்தக் கண்ணாடியில, ஆர்த்தி எந்தச் செட்டை வாசிக்கும்போது சிரிச்சா?"