ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

"அதானே பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஆச்சே, எப்படிக் கிளம்பும்?"

சமையலறை ஜன்னலிலிருந்தே குரல் கொடுத்தாள் பங்கஜம். வாசலில் அந்தப் பழைய டீசல் பிக்கப் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது.

வாரம் முழுக்க வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல்களுக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி. பிள்ளைப்பாக்கத்து மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி எப்படியோ ஓடிவிடும். ஞாயிறு காலை மட்டும் மக்கர்.

"போங்க, உங்க மெக்கானிக்குக்குப் போன் போடுங்க. மணி அடிக்கிறதுக்குள்ள எடுப்பான்."

மனைவி கேட்ட எதற்குத்தான் தேவநாதன் பதில் சொன்னார்? மகன் பெங்களூர் போனதிலிருந்து இந்த வீட்டில் பேசுவது பங்கஜமும் டி.வி.யும்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனை நோக்கி நடந்தார்.

அருள்பாண்டி சைக்கிளில் வந்து இறங்கினான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஞாயிறு லீவு. தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான். கிரீஸில் கை வைக்க வருகிறவனுக்கு இஸ்திரி ஒரு கேடா?

"நெசமாவே கிளம்பலியா அண்ணாச்சி?"

"பின்னே, பொய்யாவா கூப்புடுவாங்க?" என்றாள் பங்கஜம்.

"அதுக்கில்ல மதினி..."

மதினியாம், மதினி.

பானெட்டைத் திறந்தான். டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயின் நட்டைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் தேவநாதனைப் பார்த்தான். தேவநாதன் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

திருட்டு முழியைப் பாரு, என்று நினைத்துக்கொண்டாள் பங்கஜம்.

"டீசல் லைன்ல காத்து புகுந்துட்டு அண்ணாச்சி."

"போன வாரமும் அதே காத்துதானே? அதுக்கு முந்தின வாரமும் அதான். எங்க வூட்டுக் காத்துக்கு மட்டும் அப்படி இன்னா விசேஷம்?"

"பழைய வண்டில்லா மதினி. குலுங்குறதுல நட்டு லூஸாயிருது. அந்த வழியா காத்தை இழுத்துக்கிடும்."

நட்டை இறுக்கினான். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திவிட்டுக் கை பம்பை அமுக்கினான். குமிழ் குமிழாக நுரை வந்தது. நுரை அடங்கி வெறும் டீசல் வந்ததும் திருகை மூடி, "இப்ப அடிங்க அண்ணாச்சி!" என்றான். வண்டி புகை கக்கிக்கொண்டு கிளம்பியது.

அதோடு போனானா? போவானா? மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டபடி பேச்சு. ஊர் உப்பளம், அக்கா கல்யாணம், கிளட்ச் பிளேட், எல்லாம் ஓடியது. தேவநாதன் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரை கேட்டது.

வாரம் முழுக்க 'ம்' தவிர வேறெதுவும் வராத வாய்! பங்கஜம் கரண்டியை நங்கென்று வைத்தாள்.

அப்புறம் சாப்பாடு. கறிக்குழம்பை மூன்றாம் தடவையும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான். எச்சில் இலையைப் போடப் பின்னாலேயே வந்த பங்கஜம் அப்படியே நின்றுவிட்டாள்.

பானெட் மறுபடியும் திறந்திருந்தது. அருள்பாண்டி ஸ்பேனரோடு குனிந்திருந்தான். அதே நட்டு. ஊறுகாய் ஜாடியைத் திறக்கிற பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா பண்றே அங்க?"

துள்ளி நிமிர்ந்தான். "ஒண்ணுமில்ல மதினி. டைட்டா இருக்கான்னு... நான் வாரேன்."

சைக்கிள் பறந்தது.

பங்கஜம் இலையோடேயே உள்ளே ஓடிவந்தாள்.

"பச்சை சீட்டிங்! என் கண்ணால பாத்தேன். இறுக்கின நட்டை அவனே துளி லூஸ் பண்ணிட்டுப் போறான். வாரம் பூரா ரோட்ல குலுங்கினா மீதியும் தானா கழண்டுக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இன்னிக்கே அட்வான்ஸ் புக்கிங்!"

பாயில் சாய்ந்திருந்த தேவநாதன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா வாராவாரம் கூலி குடுத்துகினு இருக்கீங்க?"

"கூலியா? ஒருநாளும் வாங்கினதில்ல."

"அப்போ சோத்துக்கு வர்றான்."

"ஒரகடத்துல மெஸ் இல்லியா?" இப்போது பேப்பர் இறங்கியது. "அவன் ரூம்ல ஆறு பேரு, பங்கஜம். எல்லாம் ஃபேக்டரிப் பசங்க. ஆளுக்கொரு ஷிஃப்டு. ஞாயித்துக்கிழமை ஓ.டி.க்குப் போனவன் போக, மீதிப்பேரு போர்த்திகினு தூங்குவானுங்க. வாயத் தொறந்து பேச ஒரு ஆளு கிடையாது. சும்மா வந்து உக்காரக் கூச்சம். வண்டி ரிப்பேர்னா கூச்சமில்லாம வரலாம் பாரு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று! பங்கஜம் அசந்துதான் போனாள். ஆனால் ஒரு நிமிஷம்தான்.

"அதுக்காக? பாவம்னா, வான்னு கூப்புட்டு ஒருநாள் சோறு போடுவோம். வண்டியக் கெடுக்கறவனை வாசல்ல சேக்கறதா? நாளைக்கே வாலாஜாபாத்லேந்து வேற மெக்கானிக்கைக் கூட்டியாங்க. இல்ல, அந்த டப்பாவைக் காயலாங்கடையில போட்டுடுங்க. இன்னிக்குக் காலையில வண்டி நின்னுச்சே, அதான் அவன் இந்த வூட்ல பண்ண கடைசி வேலை!"

"அது அவன் பண்ணல."

"பின்னே?"

தேவநாதன் மறுபடி பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"போன வாரம் பேச்சு சுவாரசியத்துல மறந்து, நல்லா இறுக்கிட்டுப் போயிட்டான். நேத்து சாயங்காலம் நான்தான் போய் லூஸ் பண்ணேன்."