செத்த யானையின் குரல்

கூட்டத்தை நடத்தி வந்த கிழட்டு யானை அந்தக் கோடையில் செத்துப்போயிருந்தது. உயிரோடு இருந்தபோது பதிவு செய்த அதன் குரலை, மழை முடிந்த ஒரு மாலையில் அதன் குடும்பத்துக்கே போட்டுப் பார்த்தார்கள். போனவளை யானைகள் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. ஸ்பீக்கரைப் புதருக்குள் மறைத்து வைத்துவிட்டு ஜீப்பில் இருந்தபடி பொத்தானை அழுத்தியவள் அல்லிராணி. அந்தக் குரலைப் பதிவு செய்தவளும் அவள்தான்.

மேய்ந்துகொண்டிருந்த யானைகள் புல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தன. துதிக்கையால் புதரைத் துழாவின. கிழவியின் மூத்த மகள் உறுமிக் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்காக நின்றது. மறுபடியும் கூப்பிட்டது. கிழவி போன பிறகு பிறந்த குட்டி மட்டும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"சூப்பர் ரிசல்ட், அல்லி," என்று கிசுகிசுத்தான் உடன் வேலை செய்யும் ஜெரோம். "இன்னொரு தடவை போடு."

அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

"வேணாம். போட்டா கிழவி இருக்குன்னே நம்பிடும்."

"இப்ப மட்டும் நம்பலையா?"

வெளிச்சம் மங்கியது. மூத்த மகள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தது. ஆனால் ஒரு யானையும் அங்கிருந்து நகரவில்லை. ஒன்றையொன்று உரசிக்கொண்டு புதரைப் பார்த்தே நின்றன. இனி யாரும் அதைப் போட்டுவிடக் கூடாது என்று அல்லிராணி ஜீப்புக்குள் வந்திருந்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். புதருக்குள் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

எல்லாக் காதுகளும் விரிந்தன.