மீதி ஆயுள்

முதுமையடைந்து ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன்களை அகச்சிவப்புக் கருவியில் ஆராய்வதுதான் தமயந்தியின் வேலை. அவை தூசியாக உதிர்வதைப் பார்த்தே மீதி ஆயுளைச் சொல்லிவிடுவாள். அவள் வகுத்த அதே கணக்கில் மனிதருக்கும் ஆயுள் சொல்லும் கேமராவை இப்போது வீட்டுக்கு வீடு பொருத்தியிருந்தார்கள். தங்கள் வீட்டில் அதைப் பார்ப்பதில்லை என்று அவளும் கணவன் ஜெயசீலனும் பேசி வைத்திருந்தார்கள்.

ஆனால் சில நாட்களாக அவன் போக்கே சரியில்லை. அடுப்படியை எட்டியும் பார்க்காதவன் அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தான். அவள் சண்டைக்கு இழுத்தாலும் சிரித்தான். இந்தத் திடீர்ப் பரிவு எதற்கு? அன்றும் தோசை வார்த்துக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றாள்.

"கேமராவுல என்னைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு இன்னும் எவ்வளவு நாளாம்?"

அவன் அடுப்பை அணைத்தான்.

"உன்னைப் பாக்கல, தமயந்தி. என்னைத்தான் பாத்தேன்."

கேமரா எடுத்த தன் படத்தை அவன் கைபேசித் திரையில் திறந்து நீட்டினான்.

"உன் கணக்குதானே. சரியா இருக்கான்னு நீயே பாத்துச் சொல்லு."

எத்தனையோ விண்மீன்களின் முடிவைக் கை நடுங்காமல் எழுதியவள், திரையை அவன் கையிலேயே கவிழ்த்தாள்.

"கணக்கு தப்புங்க," என்றாள், பார்க்காமலே.