கறுப்பு வெள்ளைக் கட்டம்

எல்லாரும் சொகமா இருக்கீங்களா, சாப்ட்டாச்சா? எனக்கு இங்க ஒரு எடத்துல ஒக்கார முடியல.

மலேசியாவுல, சுங்கைப்பட்டாணியில கால் வைத்தியம் பாக்கற ரூம்பு. நாலு மூலையிலயும் ஸ்டாண்டுல கேமரா. ஒவ்வொண்ணும் தூரத்த அளந்து, நாலும் சேந்து ஆளு நடக்கறத பாக்குமாம். திரையில எங்க வீட்டுக்காரரு பசுபதி பச்சைக் கோடு கோடா வரைஞ்ச பொம்மையா நிக்கிறாரு. முட்டி ஆபரேசன் ஆயி நாலு மாசம். இன்னிக்கு நேரா நடந்தாத்தான் மறுபடி ஸ்கூல் வேன் ஓட்டலாம். ஏர்கான் விர்ருங்குது. நான் ஹேண்ட்பேக் ஜிப்ப தொறக்கறேன், மூடறேன். "நடங்க அங்கிள்"ங்குது மெஷின் பாக்கற பொண்ணு கலைமகள். நடக்கறாரு. நடுவுல வந்ததும் பொம்மையோட வலது காலு வெளிய வீசுது. திரும்பி வரப்பவும் வீசுது. அவ நெத்தி சுருங்குது. "வலிக்குதா அங்கிள்?" "இல்லம்மா." நான் தரையப் பாக்கறேன். கேமராவ சரிபண்ண வச்ச கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை நடுவுல கெடக்கு. "ஏங்க, அத ஏன் சுத்திப் போறீங்க?" "கோலத்த மிதிக்கச் சொல்றியா நீ?" "அச்சோ, எடுக்க மறந்துட்டேன்லா!" கலைமகள் சிரிச்சிக்கிட்டே அட்டைய எடுக்கறா. "இன்னொரு தடவ, அங்கிள்." ஜிப்பு பாதியில நிக்குது. பொம்மை நேரா, நேராவே போகுது. கலைமகள் சரின்னு தலையாட்டறா. இவரு மட்டும் திரும்பி அந்த வெறுந்தரையப் பாக்கறாரு.

உங்க வீட்டு ஆளும் இப்படி எதையாச்சும் மிதிக்காம ஒதுங்கி மாட்டிக்கிட்டாரா? எழுதுங்கலா, படிக்கறேன்.